சாதாக் கெண்டைக்கு 100 குரோமோசோம்கள்: இரட்டித்த மரபணுக்கள் பிறகு என்ன ஆகின்றன?

பதிவு 1 – மேலூர் ஆசிரியை

மேலூருக்கு அருகில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு உயிரியல் நடத்துகிறேன். சென்ற வாரம் பன்மடியம் (குரோமோசோம் தொகுதிகள் வழக்கமான இரண்டுக்கு மேல் இருப்பது) பற்றிய பாடம் முடிந்ததும், கண்மாயில் மீன்பாசி ஏலம் எடுக்கும் குடும்பத்தைச் சேர்ந்த மாணவன் ஒருவன் எழுந்தான். "டீச்சர், கட்லா, ரோகு, மிர்கால் மூன்றுக்கும் 50 குரோமோசோம்கள்தான் இருக்கின்றன, சாதாக் கெண்டைக்கு மட்டும் 100 இருப்பதாகப் படித்தேன். அந்தக் கூடுதல் 50-இல் இருக்கும் மரபணுக்களுக்கு என்ன வேலை?" என்று கேட்டான். பெரும்பாலானவை காலப்போக்கில் செயலிழந்துவிடும், சில மட்டும் புதிய பணியைக் கற்றுக்கொள்ளும் என்று சொல்லி உட்கார வைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பதில் எனக்கே நிறைவளிக்கவில்லை. ஒரு மரபணு "கற்றுக்கொள்ளும்" என்று நான் சொன்னதற்கு உண்மையில் என்ன பொருள்? பெரும்பாலானவை செயலிழக்கும் என்றால், எவை என்பதை எது தீர்மானிக்கிறது? இங்கே மீன் வளர்ப்போரும் மரபியல் படித்தோரும் இருப்பதால் கேட்கிறேன். அவனுக்கு நான் சரியான விடையைக் கடன்பட்டிருக்கிறேன்.

பதிவு 2 – நாகமலை ஆய்வாளர்

அம்மா, உங்கள் மாணவனின் கேள்வியில் ஒரு திருத்தம் செய்துகொண்டு தொடங்கினால் விடை தெளிவாகும். சாதாக் கெண்டை மட்டும் மரபணுத்தொகுதி இரட்டித்த மீன் என்பதில்லை. கட்லாவும் ரோகுவும் இரட்டித்த மூதாதையின் வழித்தோன்றல்களே. அவற்றின் இரட்டிப்பு மிகப் பழையது என்பதால் குரோமோசோம்களை எண்ணிப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

முதுகெலும்புள்ள விலங்குகளின் தொடக்க காலத்தில் முழு மரபணுத்தொகுதியும் இரண்டு முறை இரட்டித்தது என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் முடிவு. அதன் தடம் நம் உடலிலும் இருக்கிறது. உடலின் முன்பின் அச்சை வகுக்கும் ஹாக்ஸ் மரபணுக்கள் மனிதரிடம் நான்கு கொத்துகளாக உள்ளன. அதன் பிறகு, ஏறத்தாழ 32 கோடி முதல் 35 கோடி ஆண்டுகளுக்கு முன், டெலியோஸ்ட் எனப்படும் நவீன எலும்பு மீன்களின் பொது மூதாதையிடம் மூன்றாவது இரட்டிப்பு நடந்தது. மதுரைக் கடைகளில் குழம்புக்காக உயிரோடு விற்கும் அயிரை, கண்மாயில் ஊத்தா போட்டுப் பிடிக்கும் விரால், கெளுத்தி, ஜிலேபி (திலாப்பியா), கடலிலிருந்து வரும் வஞ்சிரம் எல்லாம் அந்த மூதாதையின் வழி வந்தவை. அதே சந்தையில் கிடைக்கும் சுறாவும் திருக்கையும் அந்த மூன்றாவது இரட்டிப்புக்கு வெளியே நிற்பவை.

நான்கு கொத்துகள் இரட்டித்தால் எட்டு இருக்க வேண்டும். ஆனால் 1998-இல், ஆய்வகங்களில் பரவலாக வளர்க்கும் ஜீப்ரா மீனில் எண்ணிப் பார்த்தபோது ஏழுதான் இருந்தன. எட்டாவது கொத்து இருந்த இடத்தில் ஹாக்ஸ் மரபணு ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஒரே ஒரு மைக்ரோ ஆர்என்ஏ (புரதம் ஆகாத சிறு ஆர்என்ஏ) மரபணு மட்டும் அங்கே ஒரு கொத்து இருந்ததற்குச் சாட்சியாக நிற்கிறது. ஜப்பானிய மெடாகா மீனிலும் ஏழு கொத்துகளே உள்ளன. ஆனால் அது இழந்தது வேறொரு கொத்து. இரட்டிப்புக்குப் பின் ஒவ்வொரு கிளையும் தன் வழியில் இழந்துகொண்டு போனது என்பதற்கு இதைவிடத் துலக்கமான சான்று எனக்குத் தெரியாது.

சாதாக் கெண்டையின் 100 குரோமோசோம்கள் இவற்றுக்கெல்லாம் மேலே வந்த நான்காவது சுற்று. நெருங்கிய இரண்டு கெண்டை இனங்கள் கலந்து, இரண்டின் தொகுதியும் முழுமையாக ஓருடலில் தங்கிப்போனதால் அது உண்டானது. தங்கமீனுக்கும் 100 தான். டிஎன்ஏ வரிசையைப் படிக்கும் கருவிகள் வருவதற்கு வெகு முன்னரே, 1967-இல், மரபியலாளர் சுசுமு ஓனோவும் அவருடைய கூட்டாளிகளும் டிஎன்ஏ அளவையும் குரோமோசோம்களையும் ஒப்பிட்டு, கெண்டையும் தங்கமீனும் தம் உறவு மீன்களைப் போல இரு மடங்கு கொண்டவை என்று காட்டியிருந்தார்கள்.

பதிவு 3 – கண்மாய்க் குத்தகைதாரர்

ஐயா, நான் 20 ஆண்டுகளாகக் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்க்கிறேன். படிப்பு குறைவு, ஆனால் இந்த மீன்களை நன்றாகப் பார்த்திருக்கிறேன். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் தேங்கிய தண்ணீரில் தாமாக இனப்பெருக்கம் செய்வதில்லை. குஞ்சுப் பண்ணையில் ஹார்மோன் ஊசி போட்டுத்தான் முட்டையிட வைக்கிறார்கள். சாதாக் கெண்டையோ பாசியிலும் வேலம்பாசியிலும் முட்டையை ஒட்டி வைத்துத் தானாகப் பெருகிவிடும். கலங்கல் தண்ணீரையும் தாங்கும், கரையைத் தோண்டும், கிடைத்ததைத் தின்னும். இந்தத் தாங்குதிறன் அதற்கு மரபணு இரட்டையாக இருப்பதால் வந்ததா என்று அறிய விரும்புகிறேன்.

பதிவு 4 – நாகமலை ஆய்வாளர்

அண்ணன், உங்கள் கவனிப்பு அத்தனையும் உண்மை. முடிவை மட்டும் நான் தள்ளி வைப்பேன். நீங்கள் அன்றாடம் பார்க்கும் ஜிலேபிக்கு 44 குரோமோசோம்கள்தான். அந்த மூன்றாவது சுற்றுக்குப் பின் அதற்குத் தனி இரட்டிப்பு எதுவும் இல்லை. ஆனாலும் தேங்கிய நீரில் அதைவிட வேகமாகப் பெருகும் மீனை நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள். இரட்டிப்பும் தாங்குதிறனும் ஒரே மீனில் சேர்ந்திருப்பதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது.

பதிவு 5 – ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர்

மாணவனுக்குச் சொல்ல நம் கரிசல் காட்டிலேயே ஓர் இணை இருக்கிறது. அருப்புக்கோட்டை, கோவில்பட்டிப் பக்கம் மானாவாரியாக விளைந்த கருங்கண்ணிப் பருத்திக்கு 26 குரோமோசோம்கள். பின்னால் வந்த கம்போடியாப் பருத்திக்கு 52. அமெரிக்கக் கண்டத்தில் இரண்டு பருத்தி இனங்கள் கலந்து, இரண்டின் தொகுதியும் சேர்ந்து நிலைத்ததன் விளைவு அது. சாதாக் கெண்டை மீனுலகின் கம்போடியாப் பருத்தி என்று நினைத்துக்கொள்ளலாம். தாவரங்களில் இது சாதாரணம். விலங்குகளில் அரிது என்றே நாங்கள் நீண்ட காலம் கற்பித்தோம். மீன்கள் அந்தப் பாடத்தைத் திருத்தின.

ஒரு நினைவூட்டல்: நம் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியர் டி. ஜே. பாண்டியனின் குழு மீன்களின் மடியநிலையை மாற்றும் ஆய்வுகளைப் பல ஆண்டுகள் செய்தது. கருவுற்ற முட்டைக்குச் சரியான நிமிடத்தில் வெப்ப, குளிர் அல்லது அழுத்த அதிர்ச்சி கொடுத்தால் குரோமோசோம் தொகுதி ஒன்று வெளியேறாமல் தங்கிவிடும், அல்லது முதல் பிளவு தடைபட்டு முழுத் தொகுதியும் இரட்டிக்கும். பிற முதுகெலும்பிகள் பெரும்பாலும் தாங்காத இந்த மாற்றத்தை மீன் கரு தாங்கிக்கொள்கிறது. இயற்கையில் அது எப்படி நடந்திருக்கும் என்று ஊகிக்க இது உதவும்.

பதிவு 6 – மேலூர் ஆசிரியை

மிக்க நன்றி ஐயா. பருத்தி உவமையை நாளையே பயன்படுத்துவேன். ஆனால் என் இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கிறது. இரட்டித்த பின் எது தங்குகிறது, எது போகிறது?

பதிவு 7 – நாகமலை ஆய்வாளர்

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எண்ணிக்கை. மூன்றாவது சுற்றில் உண்டான இணைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுதான் இன்றைய ஜீப்ரா மீனில் இரண்டாகவே நீடிக்கிறது. மற்றவற்றில் ஒரு பிரதி சிதைந்து போலி மரபணுவாகி, பின் தடம் தெரியாமல் கரைந்துவிட்டது. அந்த இழப்பில் பெரும்பகுதி முதல் 6 கோடி ஆண்டுகளுக்குள் முடிந்துவிட்டதாகக் கணக்கிடுகிறார்கள். பிறகு வேகம் தணிந்தது. சால்மன், டிரவுட் மீன்களின் மூதாதையிடம் 8 முதல் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் தனியாக ஒரு நான்காவது சுற்று நடந்தது. 2014-இல் வானவில் டிரவுட்டின் தொகுதியைப் படித்தபோது, அந்த இணைகளில் ஏறத்தாழ பாதி இன்னும் இரண்டாகவே இருந்தது தெரிந்தது. சாதாக் கெண்டையின் இரட்டிப்புக்கு வயது ஒன்றரைக் கோடி ஆண்டுகூட ஆகவில்லை; அதில் பெரும்பாலான இணைகள் அப்படியே உள்ளன. ஆகவே உங்கள் மாணவன் கேட்ட அந்தக் கூடுதல் 50-இல் உள்ள மரபணுக்களில் பெரும்பாலானவை இன்று வேலை செய்துகொண்டுதான் இருக்கின்றன. அவை செயலிழந்துவிட்டன என்று சொல்வது இந்த மீனைப் பொறுத்தவரை சரியாகாது.

எது தங்குகிறது என்பதற்கு ஓனோ 1970-இல் வெளியிட்ட நூலில் தந்த விடை நெடுங்காலம் ஆட்சி செய்தது. ஒரு பிரதி பழைய பணியைச் செய்துகொண்டிருப்பதால் மற்றது இயற்கைத் தேர்வின் பிடியிலிருந்து விடுபடுகிறது. சடுதிமாற்றங்களைச் சேர்த்துக்கொண்டே போய், பெரும்பாலும் அழிகிறது, அரிதாகப் புதிய பணி ஒன்றை அடைகிறது என்பது அது. ஆனால் பயன்தரும் சடுதிமாற்றம் மிக அரிது, கெடுப்பதோ மிகச் சாதாரணம். அப்படியிருக்க, ஐந்தில் ஒன்று தங்கியது எப்படி?

1999-இல் ஃபோர்ஸ், லிஞ்ச், போஸ்டில்த்வெயிட் முதலிய மரபியலாளர்கள் வேறொரு வழியைக் காட்டினார்கள். ஒரு மரபணுவுக்குப் பல இயக்கு பகுதிகள் உண்டு: ஒன்று அதைத் தோலில் இயக்கும், இன்னொன்று கண்ணில் இயக்கும். இரட்டித்த பின் முதல் பிரதியில் கண்ணுக்கான பகுதி பழுதாகிறது. மீனுக்குக் கேடில்லை, ஏனெனில் இரண்டாவது பிரதி கண்ணைக் கவனிக்கிறது. பிறகு இரண்டாவதில் தோலுக்கான பகுதி பழுதாகிறது, அதற்கும் கேடில்லை. ஆனால் அந்தக் கணத்திலிருந்து இரண்டில் எதையும் இழக்க முடியாது. யாரும் எதையும் கற்றுக்கொள்ளவில்லை, எந்த நன்மையும் கூடவில்லை. இரண்டு பழுதுகளே இரண்டு பிரதிகளையும் காப்பாற்றிவிட்டன. இதைப் பணிப்பகிர்வு எனலாம். ஒரே நிலத்துக்கு நீர் இறைத்த இரண்டு பம்புசெட்டுகளில் ஒன்றுக்கு மேற்கு வாய்க்காலும் மற்றதற்குக் கிழக்கு வாய்க்காலும் தூர்ந்துபோனால், அதன்பின் இரண்டும் ஓடியே தீர வேண்டியிருக்கும் அல்லவா, அதைப் போன்றது.

ஜீப்ரா மீனிலேயே இதைக் காணலாம். எம்ஐடிஎஃப் என்ற மரபணு பாலூட்டிகளில் ஒன்றே ஒன்று. தோல் நிறமிச் செல்களுக்கும் கண்ணின் நிறமிப் படலத்துக்கும் அதுவே வெவ்வேறு தொடக்க இடங்களிலிருந்து இயங்குகிறது. மீனில் அது ஏ, பி என இரண்டு. ஏ பிரதி பழுதான மீனுக்கு உடலில் கறுப்பு நிறமிச் செல்கள் உண்டாவதில்லை, உடல் வெளிறிப்போகும். கண்கள் மட்டும் கறுப்பாகவே இருக்கும், ஏனெனில் அங்கே பி பிரதியும் வேலை செய்கிறது. அம்மா, அந்த மீனின் படத்தை வகுப்பில் காட்டுங்கள். பத்து வாக்கியங்கள் மிச்சமாகும்.

தங்குவதற்கு மூன்றாவது காரணமும் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். பல புரதங்கள் குறிப்பிட்ட விகிதத்தில் சேர்ந்தே இயங்குகின்றன. முழுத் தொகுதியும் இரட்டிக்கும்போது விகிதம் கெடாது. பிறகு ஒன்றை மட்டும் இழந்தால்தான் கெடும். அதனால் பிற மரபணுக்களை இயக்கும் புரதங்களான படியெடுத்தல் காரணிகள், செல்களுக்கிடையே சமிக்ஞை கடத்துபவை போன்றவற்றின் மரபணுக்கள் மற்றவற்றைவிட அதிகமாக இணைகளாகவே தங்கியிருக்கின்றன.

பதிவு 8 – கண்மாய்க் குத்தகைதாரர்

ஐயா, பம்புசெட்டு உவமையில் எனக்கு விளங்கிவிட்டது. நாங்கள் கிஃப்ட் என்ற மேம்படுத்திய ரகத் திலாப்பியாக் குஞ்சுகளை ஆண் குஞ்சுகளாக மட்டும் வாங்குகிறோம். பெண் மீன் ஓயாமல் குஞ்சு பொரித்துக் குளத்தை நிரப்பிவிடும்; ஆண் மீன் எடை கூடும். பண்ணையில் பொரித்தவுடன் சுமார் மூன்று வாரம் ஹார்மோன் கலந்த தீவனம் கொடுத்து எல்லாவற்றையும் ஆணாக்குகிறார்கள். இதற்கும் இரட்டை மரபணுவுக்கும் தொடர்பு இருக்கிறதா?

பதிவு 9 – ஆய்வு மாணவி

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்ல அனுமதியுங்கள், ஐயா. என் ஆய்வே இதைச் சுற்றித்தான் நடக்கிறது. டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும் நொதி அரோமட்டேஸ். மனிதரிடம் அதற்கு ஒரே மரபணு. சூலகம், மூளை, கொழுப்புத் திசு என்று ஒவ்வோர் இடத்திலும் தனித்தனித் தொடக்க இடம் அதை இயக்குகிறது. பெரும்பாலான டெலியோஸ்ட் மீன்களில் அரோமட்டேஸ் மரபணு இரண்டு: ஒன்று முக்கியமாகச் சூலகத்தில், மற்றது மூளையில். இவை மூன்றாவது சுற்றின் எச்சம் என்பது பரவலான கருத்து. சூலகப் பிரதியைச் செயலிழக்கச் செய்தால், மரபுவழியில் பெண்ணாக வேண்டிய திலாப்பியாக்கூட ஆணாக வளர்கிறது. ஜீப்ரா மீனில் அனைத்தும் ஆணாகின்றன. மூளைப் பிரதியை முடக்கினால் ஆண் பெண் விகிதம் மாறுவதில்லை. உங்கள் பண்ணையின் ஹார்மோன் தீவனம், குஞ்சின் பாலுறுப்பு எத்திசையில் போவது என்று தீர்மானமாகும் அந்த மூன்று வாரங்களில் இதே முடிவைச் சாய்க்கிறது.

ஆனால் நாகமலை ஐயாவின் விளக்கத்தில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. பணிப்பகிர்வை முன்னிறுத்திய வேகத்தில் புதுப்பணியை அவர் மிகவும் சிறுமைப்படுத்திவிட்டார். மின்சார மீன்களைப் பாருங்கள். தசையில் சோடியம் கடத்தும் வாயில் புரதத்துக்கான மரபணு மூன்றாவது சுற்றில் இரண்டானது. சாதாரண மீன்களில் இரண்டுமே தசையில்தான் இயங்குகின்றன. ஆப்பிரிக்காவின் மின்சார மீன்களிலும், தென் அமெரிக்காவின் மின்சார மீன்களிலும், ஒன்றோடொன்று தொடர்பில்லாமல், ஒரே பிரதி தசையை விட்டு விலகி மின்னுறுப்பில் மட்டும் இயங்கத் தொடங்கியது. அதன் வரிசையும் வேகமாக மாறி, ஒவ்வோர் இனத்துக்கும் உரிய மின்துடிப்பைத் தந்தது. தசைக்கு இன்னொரு பிரதி இருந்திராவிட்டால் இப்படி மாறிய மீன் நீந்தவே முடியாமல் போயிருக்கும். இதைப் பழுது காப்பாற்றிய கதை என்று சொல்ல முடியுமா?

பதிவு 10 – நாகமலை ஆய்வாளர்

முடியாது, தங்கையே, உங்கள் எடுத்துக்காட்டு புதுப்பணிக்கு நாம் அறிந்தவற்றில் மிகச் சிறந்ததுதான். சிறுமைப்படுத்தியது என் பிழை. ஆயினும் அதன் காலக்கணக்கைச் சேர்த்துப் பாருங்கள். இரட்டிப்பு நடந்து 10 கோடி ஆண்டுகளுக்கும் மேலான பிறகே இரு கண்டங்களிலும் மின்னுறுப்பு தோன்றியது. அதுவரை இரண்டு பிரதிகளும் தசையிலேயே காத்திருந்தன. புதுப்பணிக்காக எதுவும் அவ்வளவு காலம் தங்க முடியாது. முதலில் வேறு ஏதோ காரணத்தால் தங்கியது, பின்னர் வாய்ப்பு வந்தபோது மாறியது. எது தங்கவைத்தது, எது பிறகு மாற்றியது என்ற இரண்டு கேள்விகளையும் தனித்தனியே கேட்க வேண்டும் என்பதே என் வாதம்.

பதிவு 11 – ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர்

இதே எச்சரிக்கை பெரிய அளவிலும் பொருந்தும். முதுகெலும்பிகளில் ஏறத்தாழ பாதி இனங்கள் டெலியோஸ்ட் மீன்கள். மூன்றாவது முறை இரட்டிக்காத உறவினரான கார் மீன்களும் போஃபினும் சேர்ந்து பத்து இனங்கள்கூட இல்லை. ஆகவே இரட்டிப்பே மீன்களைப் பெருக்கியது என்று நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஆனால் 2016-இல் வெளிவந்த புதைபடிவ ஆய்வு ஒன்று, முதல் 15 கோடி ஆண்டுகளில் இரு கிளைகளும் வடிவ மாற்றத்தில் ஏறத்தாழ ஒரே வேகத்தில் சென்றன என்று காட்டியது. அதே ஆண்டில் புள்ளிக் கார் மீனின் மரபணுத்தொகுதியும் வெளியானது. இரட்டிக்காத அந்த மீன் மனிதருக்கும் ஜீப்ரா மீனுக்கும் இடையே ஒப்பிடும் பாலமாகப் பெரிதும் உதவுகிறது. கருவியைக் கொண்டாடுவோம்; காரணத்தை மட்டும் அவசரமாக முடிவுசெய்ய வேண்டாம்.

பதிவு 12 – மேலூர் ஆசிரியை

இன்று வகுப்பில் பருத்தியையும் பம்புசெட்டையும் கறுப்புக் கண் கொண்ட வெளிறிய மீனையும் வைத்துப் பாடம் நடத்தினேன். முன்பு நான் சொன்ன பதில் தவறு என்றும் சொல்லிவிட்டேன். மாணவன் உடனே அடுத்த கேள்வியைக் கேட்டான்: "ஒரு கண்மாயில் உள்ள மீன்கள் ஏ பிரதியை இழந்து, வேறொரு கண்மாயில் உள்ளவை பி பிரதியை இழந்திருந்தால், இரண்டையும் சேர்த்து வளர்த்தால் குஞ்சு பிழைக்குமா?" இதற்கு என்னிடம் விடை இல்லை.

பதிவு 13 – நாகமலை ஆய்வாளர்

அம்மா, அந்தப் பிள்ளை தானாகவே ஒரு முக்கியமான கருதுகோளைத் தொட்டிருக்கிறான். முதல் தலைமுறைக் குஞ்சு பிழைக்கும். அதற்கு ஒரு பக்கத்திலிருந்து நல்ல ஏ ஒன்றும் மறுபக்கத்திலிருந்து நல்ல பி ஒன்றும் கிடைக்கும். சிக்கல் அடுத்த தலைமுறையில் தொடங்குகிறது. ஏ-யும் பி-யும் வெவ்வேறு குரோமோசோம்களில் இருப்பதால், அந்தக் கலப்பு மீனின் விந்தணுக்களிலும் முட்டைகளிலும் நான்கில் ஒன்று இரண்டுமே இல்லாமல் வெளிவரும். அத்தகைய இரண்டு சேர்ந்தால், அதாவது 16 குஞ்சுகளில் ஒன்றுக்கு, அந்த மரபணுவே இருக்காது. உயிருக்கு இன்றியமையாத மரபணு என்றால் அது இறக்கும். ஒரு மரபணுவுக்கு 16-இல் ஒன்று சிறிய இழப்புதான். இப்படி மாறிமாறி இழந்த மரபணுக்கள் பத்து இருந்தால் என்ன ஆகும் என்று அவனையே கணக்கிடச் சொல்லுங்கள்.

பதிவு 14 – மேலூர் ஆசிரியை

கட்டம் போட்டு, 16-இல் 15-ஐப் பத்து முறை பெருக்கி, அரை மணி நேரத்தில் கொண்டுவந்தான். ஏறத்தாழ 48 விழுக்காடு குஞ்சுகள் ஏதேனும் ஒரு மரபணுவை முற்றிலும் இழந்து பிறக்கும் என்று வந்தது. "அப்படியானால் பக்கத்துப் பக்கத்துக் கண்மாயில் இருந்தாலும் அவை வேறு இனமாகப் பிரியத் தொடங்கிவிடும், இல்லையா டீச்சர்?" என்று கேட்டான். நாளை அவனையே கரும்பலகையில் அந்தக் கட்டத்தை வரைந்து மற்றவர்களுக்கு விளக்கச் சொல்லியிருக்கிறேன்.